தாய்மையின் புனிதமும் தராசின் முள்ளும்

கண்டி நகரிலும் அதன் சுற்றயலிலும் மேடையேறும் பட்டிமன்றங்களில் அலுக்காது தொடரும் தலைப்பு ஒன்றுண்டு: இளங்குழந்தையை உடைய தாய் உழைக்கச் செல்வதா, வீட்டில் இருப்பதா? ஓரணி தாய்மையின் புனிதத்தை எடுத்தோதும்; மற்றையது பெண்விடுதலையை முழங்கும். இயன்றவள் செல்லட்டும், இயலாதவள் இருக்கட்டும் என நடுவர் தீர்ப்பளிப்பார், அவை கலையும். இவ்விரு அணியினரும் அறிந்தோ அறியாமலோ ஒரே பெண்ணைத்தான் மனத்திற் கொண்டுள்ளனர். அவள் மாதச் சம்பளக் கணவனை உடையவள். வேலையை விட்டாலும் அடுத்த வேளை உணவுக்கு அஞ்சாதவள். இம்மாவட்டத்தின் உழைக்கும் தாய்மாருள் பெருந்தொகையினர் அவளல்லர் என்ற உண்மை எந்த மேடையிலும் எடுத்துரைக்கப்படுவதில்லை.

பேராதனை வளாகத்திலிருந்து நிமிர்ந்து நோக்குவோர்க்கு ஹந்தானை மலை தெரியும். அதற்கப்பால் கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை. வடகிழக்கே பன்விலை, மடுல்கலை, இரங்கலை. இம்மலைகளில் கோப்பி விளைந்த காலத்திற் தமிழகத்திலிருந்து வந்தோருள் ஆண்களே மிகுதி. அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டபின் நிலைமை மாறியது. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. குறித்த நாளிற் கிள்ளாவிடின் கொழுந்து முற்றிவிடும். எனவே நிலையாகத் தங்கும் குடும்பங்கள் வேண்டப்பட்டன. அக்குடும்பங்களிற் பெண்ணின் விரல்கள் முதன்மையாக வேண்டப்பட்டன. பெண் வீட்டிலிருப்பதே அறம் என அன்று எந்தத் துரையும் கூறவில்லை. எந்தக் கங்காணியும் கூறவில்லை. இலாபம் அவளை அழைத்தபோது புனிதம் வாய்மூடி நின்றது.

தாய் மலைக்குச் சென்றால் மகவு எங்கே? அதற்குத் தோட்டம் கண்ட விடைதான் பிள்ளைக்காம்பரா. ஒரு கூடம், கூரையில் தொங்கும் ஏணைகள், மலையேற இயலாத முதியவள் ஒருத்தி என்பதே நெடுங்காலம் அதன் இலக்கணம். 1992இல் தோட்ட முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றபின் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பலவிடங்களில் அமர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் பிள்ளைக்காம்பரா பிறந்தது பிள்ளைக்காக அன்று, கொழுந்துக்காக என்பது மறக்கத்தக்கதன்று.

சட்டம் இல்லையா என வினவலாம். உண்டு. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பெண்களுக்கும் உரியது. ஆயினும் 2018இல் திருத்தப்படும்வரை முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாள் விடுமுறையும், அதன்மேற் பிறக்கும் பிள்ளைக்கு 42 நாளுமே வழங்கப்பட்டன. மூன்றாம் பிள்ளைக்குப் பசி பாதியா? பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு இருமுறை இடைவேளையும் இச்சட்டத்தில் உண்டு. ஏட்டில் இது நன்று. ஆனால் மலையில் நேரத்தை அளப்பது கடிகாரம் அன்று, தராசு. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடினும், 18 கிலோவை ஒட்டிய எடை பறித்தாலே ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். நிரையை விட்டு இறங்கிப் பிள்ளைக்காம்பரா சென்று, பாலூட்டி, மீண்டும் ஏறும் தாய்க்கு அவ்வேளை பறிபடாத கொழுந்தை எவர் எடைபோடுவர்? சட்டம் கொடுத்த நேரத்தைத் தராசின் முள் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

சம்பளத்தின் அமைப்பும் இதற்குத் துணைநின்றது. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் வகுத்த 730 ரூபாவில் அடிப்படை 500 ரூபாவே. 60 ரூபா வரவுக்கும் 140 ரூபா பறிக்கும் எடைக்கும் என ஒதுக்கப்பட்டன. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வரவை இழப்பவள் தாய். பால்கொடுக்கச் சென்றால் எடையை இழப்பவளும் அவளே. தகப்பன் இவற்றை இழப்பதில்லை. 2019இல் இவ்விரு கொடுப்பனவுகளும் நீக்கப்பட்டன. கிலோக் கணக்கு நீங்கவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது, பறிக்கவேண்டிய எடை உயர்த்தப்பட்டதெனப் பல தோட்டங்களில் முறைப்பாடு எழுந்தது. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் பெண்ணுக்குக் கிட்டியதே 1984இல், வேலைநிறுத்தத்தின் பின்னர்தான். இன்றும் கவ்வாத்து வெட்டும் ஆண் தன் கணக்கை முடித்து நண்பகலை ஒட்டி லயத்துக்குத் திரும்பிவிட, பெண் மாலை நிறுவை முடிந்தபின்னரே திரும்புகிறாள். திரும்பியதும் விறகும் நீரும் அடுப்பும் அவளை எதிர்நோக்கும்.

இனி, நகரத்துத் தாயை நோக்குக. அரச ஊழியையாயின் முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாளும், பின்னர் அரைச் சம்பளத்துடன் 84 நாளும், சம்பளமின்றி மேலும் 84 நாளும் அவள் பெறலாம். அது நியாயமான உரிமையே. அதன்பின்? பாட்டி இல்லாத வீட்டில் ஓர் ஆயா வேண்டும். அவள் பெரும்பாலும் இதே மலைகளின் லயங்களிலிருந்து வருபவள். தன் பிள்ளையைப் பிறர் பொறுப்பில் விட்டு வந்தவள். நகரத்துத் தாயின் தெரிவு தோட்டத்துத் தாயின் தெரிவின்மைமீது எழுப்பப்பட்டுள்ளது. இதைக் காணாத பெண்விடுதலை அரைவிடுதலையே.

அரசின் அறமும் இத்தகையதே. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை உடைய தாய் வீட்டுப்பணிக்காக வெளிநாடு செல்லலாகாது என 2013இல் விதி பிறந்தது. பிள்ளையின் நலன் காரணமாகக் காட்டப்பட்டது. தகப்பனுக்கு அத்தகைய விதி இல்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அதே அரசு அவ்விதிகளைத் தளர்த்தியது. டொலர் குறைந்தவுடன் பிள்ளைக்குத் தாய் தேவையற்றவளாகிவிட்டாளோ!

தாயின் அண்மைக்கு எதுவும் ஈடாகாது என்போர் கூற்றிலும் உண்மையுண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதுமான உணவென மருத்துவம் கூறுகிறது; மகவுடன் இருக்க விரும்பும் தாயின் விருப்பம் பிற்போக்குமன்று. ஆனால் அக்கூற்றை மெய்யாகவே நம்புவோர் அதன் செலவையும் ஏற்கவேண்டும். தாய் அருகில் இருப்பது இன்றியமையாதது எனின், அக்காலத்துக்கு அவளுக்கு ஊதியம் யார் தருவது? இதற்கு விடையின்றித் தாய்மையைப் போற்றுவது, பட்டினி கிடப்பவளுக்கு நோன்பின் மாண்பை விளக்குவதற்கு ஒப்பாகும்.

இதற்கு விடை கண்ட சமுதாயங்கள் உள்ளன. சுவீடன் 1974இலேயே மகப்பேற்று விடுமுறையைப் பெற்றோர் இருவருக்கும் உரியதாக்கியது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டொலர்க் கட்டணத்தில் பிள்ளைப் பராமரிப்பைப் பொதுவாக்கியபின், உழைக்கும் தாய்மாரின் தொகை உயர்ந்தது. அவை செல்வம் படைத்த நாடுகள் என ஒதுக்கிவிடலாகாது. தேயிலை ஈட்டித்தந்த செல்வத்தில் இந்நாட்டின் பாடசாலைகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. அச்செல்வத்தைப் பறித்துத் தந்தவளுக்கு மட்டும் கருவூலம் வறியதாகிவிடுதல் நியாயமன்று.

வேண்டுவன சிலவே. பாலூட்டும் தாயின் எடைக்கணக்கு, சட்டம் தந்த இடைவேளைக்கு ஏற்பக் குறைக்கப்படல் வேண்டும். பிள்ளைக்காம்பரா தோட்டத்தின் தயவாக அன்றி அரசின் பொறுப்பாக, கண்டி நகர்வரை விரிதல் வேண்டும். தகப்பனுக்கும் பிள்ளை வளர்ப்பு விடுமுறை சட்டமாதல் வேண்டும். நண்பகலில் லயம் திரும்பும் ஆண் அடுப்பருகே அமர்தல் வேண்டும். இதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, வெட்கம் போதும்.

கலைவிழாக்களில் கூடை சுமந்து கொழுந்து நடனம் ஆடிக் கைதட்டல் பெறுவது பல்கலைக்கழகங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அக்கூடையின் எடையைக் கேட்பது இன்னும் பழகவில்லை. வேலையா, வீடா என்ற வினாவைத் தாயிடம் தொடுப்பதற்குமுன், அவ்விரண்டில் ஒன்றையேனும் அவள் தானே தெரிந்தெடுக்கத் தக்க நிலையைப் படைத்தல் கற்றோர் கடன். அதுவரை அப்பட்டிமன்றத்துக்குத் தலைப்பு மட்டுமே உண்டு, தெரிவு இல்லை.