நடைபாதையில் தூங்கும் குழந்தையைப் படமெடுக்காதீர்கள்

சென்னை பாரிமுனையில் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் பிளாட்பாரத்துக் குடும்பங்களுக்கு இரவு தொடங்குகிறது. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் பழைய சேலையை விரித்து, பெண் பிள்ளையைச் சுவரோரம் படுக்கவைத்துவிட்டுத் தாய் தெருப்பக்கம் படுக்கிறாள். பிள்ளைக்கு அவளால் கொடுக்க முடிந்த காவல் அவ்வளவுதான். அந்தக் காவலையும் தாண்டி எட்டிப் பார்க்கும் கேமராக்கள் இப்போது பெருகிவிட்டன. கலையின் பெயரைச் சொல்லி இதை இனியும் நியாயப்படுத்த முடியாது.

முன்பெல்லாம் இரவில் படமெடுக்க ஃபிளாஷ் வேண்டும். ஃபிளாஷ் அடித்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும், தாய் எழுந்து, “யாருப்பா நீ, எதுக்கு எடுக்கிற?” என்று கேட்பாள். இன்று எஃப் 1.8 லென்ஸும் 6400 ஐஎஸ்ஓவும் இருந்தால் தெருவிளக்கு வெளிச்சமே போதும். கைபேசியிலும் நைட் மோடு வந்துவிட்டது. எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாமலே எடுத்துவிடலாம். தட்டிக்கேட்க அந்தத் தாய்க்கு இருந்த ஒரே வாய்ப்பும் போய்விட்டது.

எடுப்பதைவிடப் பெரிய கேடு, அதை வெளியிடுவதில் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் படத்தை ஏற்றுகிறவர் பல நேரம் தெருப் பெயரையும் கூடவே போட்டுவிடுகிறார். ஒரு சிறுமி கதவில்லாத எந்த இடத்தில், யார் பக்கத்தில், இரவு எந்நேரம் தூங்குகிறாள் என்பது முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குத் தெரிந்துவிடுகிறது. லைக் வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். அந்தச் சிறுமி மறுநாள் இரவும் அதே இடத்தில்தான் படுக்க வேண்டும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தெருவில் வாழும் குழந்தைகளைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளாகக் கருதுகிறது. அத்தகைய குழந்தைகளின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது அதன் 74ஆவது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேமரா வாங்கும்போது லென்ஸின் விவரத்தையெல்லாம் படிக்கிறவர்கள் இந்த ஒரு பிரிவையும் படிக்க வேண்டும்.

“வறுமையைக் காட்டினால்தானே சமூகம் விழிக்கும்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான குழுவுக்காகப் படமெடுத்தவர். 1912 ஏப்ரல் 17 அன்று நள்ளிரவு தாண்டியும் வாஷிங்டன் தெருவில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த சிறுவர்களை அவர் எடுத்தார். விழித்து நின்று கேமராவை நேராகப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அவர்களின் வயதையும் அந்நேரத்தில் செய்த வேலையையும் எழுதிவைத்தார்; அவர்களில் இளையவனுக்கு வயது 9. படம் சாட்சியமாக நின்றதற்கு அந்தக் குறிப்பும், குழந்தைகளை வேலையிலிருந்து மீட்கும் நோக்கமும்தான் காரணம். பிள்ளையின் பெயரைக் கேட்காமல், தாயிடம் ஒரு வார்த்தை பேசாமல், போட்டிக்கு அனுப்பப்படும் படம் யாருடைய துயரத்துக்கும் சாட்சி ஆகாது.

இரவில் குழந்தைகளையே எடுக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கார்த்திகைக்கு அகல் ஏற்றும் பிள்ளையையும், குலசேகரப்பட்டினம் தசராவில் வேடம் கட்டி வரும் சிறுவனையும் தாராளமாக எடுக்கலாம். பெற்றவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், கேளுங்கள். கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்றால், எடுத்துவிட்டுத் திரையில் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். பிளாட்பார வாழ்க்கையைப் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்பவர்கள் முகமும் இடமும் தெரியாமல் எடுக்கட்டும்.

புகைப்படப் போட்டி நடத்துகிறவர்களும், போட்டோ வாக் அழைத்துச் செல்கிறவர்களும், பத்திரிகைகளும் ஒரு விதியை இன்றே எழுதிவைக்க வேண்டும்: தூங்கும் தெருக் குழந்தையின் முகம் தெரியும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்கப்படாது. இரவில் தனியாக ஒரு குழந்தையைத் தெருவில் பார்க்கிறவர் கேமராவைத் திறக்கும் முன் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்க வேண்டும். தூங்கும் குழந்தையால் சம்மதம் சொல்ல முடியாது. சம்மதம் இல்லாமல் எடுத்து ஊருக்குக் காட்டுவது கலையல்ல, குற்றம்.