வெற்றிலைத் தட்டில் நுழைந்த நஞ்சு

காவிரிப் படுகையில் விருந்தினரை வரவேற்பது வெற்றிலைத் தட்டு. கும்பகோணம் வெற்றிலையும் சீவலும் இல்லாத திருமணம் தஞ்சை மண்ணில் அரிது. போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த புகையிலை, காலப்போக்கில் அத்தட்டிலும் இடம்பெற்றது. நடவு வயலில் பசியையும் களைப்பையும் மறக்க அதனை வாயில் அடக்கும் வழக்கமும் வேரூன்றியது. வீட்டுப் பெரியோர் மெல்வதால், அதனைப் போதைப்பொருளென நாம் எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ணாமையே பெருந்தீங்கு.

புகையிலையிலுள்ள நிக்கோட்டின், வாயின் உட்தோல் வழியே குருதியில் கலந்து மூளையை அடைகிறது; மீண்டும் மீண்டும் நாடச் செய்கிறது. பாக்கும் தீங்கற்றதன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பாக்கினைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியுள்ளது. தொடர்ந்து மெல்வோர்க்கு வாயின் உட்புறம் இறுகி, ஒரு கவளச் சோற்றுக்கும் வாய் திறவாத நிலை நேரலாம். நெற்களஞ்சியத்தில் வாழ்வோர்க்கு இதனினும் கொடிது யாது?

கல்வி நிலையங்களிலிருந்து 100 கெசத் தொலைவுக்குள் புகையிலைப் பொருள்களை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாடு அரசு 2013இல் தடை விதித்தது. எனினும், வீட்டினுள் ஊறிய பழக்கத்தைச் சட்டம் மட்டும் மாற்றிவிடாது. மாணவர்களே, நீங்கள் அதனைத் தீண்டாதீர்கள். மெல்லும் பெரியோரிடமும் இவ்வுண்மையைப் பணிவுடன் எடுத்துரையுங்கள். வெற்றிலை வரவேற்பின் அடையாளமாகவே நிலைக்கட்டும்.