வரலாறு, குடிமையியல் கற்பித்தலைச் சீர்செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
செயற்குழு,
அரசுப் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியர் சங்கம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை, சென்னை.
(வழி: முதன்மைக் கல்வி அலுவலர், காஞ்சிபுரம்)

பொருள்: 6 முதல் 10 வரையிலான வகுப்புகள் – வரலாறு, குடிமையியல் கற்றல் நிலை – வினாத்தாள் மாற்றம், பாடவேளைப் பாதுகாப்பு, களப்பயணம் மற்றும் பணியிடங்கள் – கோரிக்கை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எங்கள் மாணவர்கள் சமூக அறிவியலில் நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள். சென்டம் எடுப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த மதிப்பெண் காட்டும் அளவுக்கு வரலாறும் குடிமையியலும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. நாள்தோறும் வகுப்பில் நிற்கும் நாங்கள் இதை மூடி மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்பதால் இம்மனுவை அளிக்கிறோம்.

வேலூர்ப் புரட்சி நடந்த நாள் எது என்று கேட்டால், 1806 ஜூலை 10 என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் ஏன் எதிர்த்தார்கள், திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது எழுச்சிக்கு எப்படி வலுச் சேர்த்தது என்று கேட்டால், “இது புக் பேக்ல இல்லையே சார்” என்கிறார்கள். முதலமைச்சரின் அதிகாரங்களும் பணிகளும் என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஒரு வரி விடாமல் எழுதிய மாணவியிடம், உங்கள் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் மனு கொடுப்பாய் என்று கேட்டோம். “எம்.எல்.ஏ.கிட்ட” என்றாள். ஊராட்சியின் கடமைகளை அவள் 6ஆம் வகுப்பிலேயே படித்து, தேர்வெழுதி, தேர்ச்சியும் பெற்றிருக்கிறாள். இன்னும் மூன்று ஆண்டுகளில் அவள் வாக்காளர்.

குறை பிள்ளைகளிடம் இல்லை. 2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய பாடநூல்களையும் நாங்கள் குறை சொல்லவில்லை. முந்தைய நூல்களைவிட அவை ஆழமானவை. ஆனால் அந்த ஆழத்தைத் தேர்வு தொடுவதே இல்லை. 100 மதிப்பெண்ணில் பெரும்பகுதியைப் பாடத்தின் பின்னுள்ள வினாக்களையும், பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வந்தவற்றையும் மனப்பாடம் செய்தே வாங்கிவிடலாம். மெல்லக் கற்போருக்கு மேப், காலக்கோடு, ஒரு மதிப்பெண் என்று குறைந்தபட்சக் கையேடு கொடுத்துத் தேர்ச்சி பெற வைக்கிறோம். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்போது எங்களுக்கு வேறு வழியும் இருப்பதில்லை.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை வினாத்தாளைப் பற்றியது. 8, 9, 10ஆம் வகுப்புத் தேர்வுகளில் 20 மதிப்பெண்ணுக்காவது, பாடநூலில் இல்லாத ஒரு சான்றைக் கொடுத்து அதிலிருந்து வினா கேட்க வேண்டும். கல்வெட்டுச் செய்தி, பழைய நாளிதழ்த் துணுக்கு, ஒரு படம், ஓர் அரசாணையின் சுருக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம்.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரையே எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டால் குடவோலை முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதினராக இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர் என்கிறது அக்கல்வெட்டு. இந்தச் செய்தியைத் தாளில் கொடுத்துவிட்டு, இந்த விதிப்படி ஊரில் யார் யாருக்கு இடமில்லாமல் போயிருக்கும், இன்று 21 வயது நிரம்பிய, நிலமற்ற ஒரு பெண் வார்டு உறுப்பினராக முடிவது எதனால் என்று கேட்டால் மனப்பாடம் உதவாது. வரலாறும் குடிமையியலும் ஒரே விடையில் சந்திக்கும். அப்படிக் கேள்வி வரும் என்று தெரிந்தால் நாங்களும் அப்படியே நடத்துவோம். வகுப்பறையை மாற்றும் வலு வினாத்தாளுக்கு இருக்கிறது என்பது எங்கள் அனுபவம்.

அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருப்பதுபோல, சமூக அறிவியலிலும் 25 மதிப்பெண்ணை அகமதிப்பீடாகத் தரலாமே என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை. அந்த மதிப்பெண் எல்லோருக்கும் முழுதாகப் போடப்பட்டு, நிலைமை இப்போது போலவே நீடிக்கும் என்று அஞ்சுகிறோம்.

அடுத்தது பாடவேளை. அரையாண்டு முடிந்ததும் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் சிறப்பு வகுப்பு தேவைப்பட்டால், “சோசியல் பீரியட்தானே” என்று எங்கள் வேளைதான் முதலில் எடுக்கப்படுகிறது. கால அட்டவணையில் உள்ள சமூக அறிவியல் வேளைகளை வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பணியிடங்களைப் பொறுத்தவரை, உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர் 6 முதல் 10 வரை வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் நடத்துகிறார். அவர் பட்டம் பெற்றதோ இவற்றில் ஒன்றில்தான். காலிப் பணியிடங்களை நிரப்புவதோடு, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வழியாகக் குடிமையியலுக்கெனத் தனிப் பணியிடைப் பயிற்சியும் வேண்டும்.

உத்திரமேரூர் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தும் அந்தக் கல்வெட்டை நேரில் பார்க்காமலே பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் ஏராளம். வண்டி வாடகையைப் பிள்ளைகளிடம் வசூலிக்க வேண்டியிருப்பதால், தர முடியாதவர்கள் அன்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் 2022இல் வானவில் மன்றம் தொடங்கி, கருவிகள் பள்ளிக்கே வந்தன. அதை மனமார வரவேற்றோம். அதே அக்கறை வரலாற்றுக்கும் வேண்டும்: 9ஆம் வகுப்பில் ஆண்டுக்கு ஒரு களப்பயணத்துக்கு அரசே செலவை ஏற்க வேண்டும்.

இன்னொன்று பைசா செலவில்லாதது. சனவரி 26, ஆகஸ்டு 15 ஆகிய நாள்களில் பிள்ளைகள் கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கு வருகிறார்கள். அதே நாள்களில் கிராம சபையும் கூடுகிறது. கொடியேற்றம் முடிந்ததும் 9, 10ஆம் வகுப்பு மாணவர்களை ஆசிரியருடன் பார்வையாளராக அங்கே அமர வைக்கலாம். வரவு செலவு வாசிக்கப்படுவதையும், குடிநீருக்காக ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்பதையும், தீர்மானம் எழுதப்படுவதையும் ஒருமுறை பார்த்த பிள்ளைக்குத் தெருவிளக்குக் கேள்வியில் குழப்பம் வராது. ஊரக வளர்ச்சித் துறையுடன் பேசி, மாவட்ட ஆட்சியர்கள் வழியாக இதற்கு ஆணை பெற்றுத் தருமாறு கேட்கிறோம்.

2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவுத் தேர்வில் 8, 10ஆம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியலும் இருந்தது. ஆனால் அதன் முடிவுகளில் எங்களை வந்தடைந்தது மாவட்டச் சராசரிதான். எந்தக் கற்றல் விளைவில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்ற விவரம் வகுப்பாசிரியர் கைக்கு வந்தால்தான் பயன். இனி நடக்கும் தேர்வுகளிலாவது அந்த விவரத்தைப் பள்ளிகளுக்குத் தர வேண்டும்.

அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் 6ஆம் வகுப்புச் சமூக அறிவியல் நூலைத் தேடி வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிப்பதை நகர நூலகங்களில் காண்கிறோம். பள்ளியில் ஒருமுறை படித்த நூல்தான் அது; மனப்பாடம் செய்து படித்ததால் மனத்தில் நிற்கவில்லை.

வினாத்தாள் மாற்றம் வரும் கல்வியாண்டின் காலாண்டுத் தேர்விலேயே தொடங்க வேண்டும். மாதிரி வினாக்களைத் தயாரித்துத் தர எங்கள் சங்க ஆசிரியர்கள் ஊதியமின்றி உழைக்க அணியமாக உள்ளோம். இக்கோரிக்கைகள் குறித்து நேரில் விளக்க நாள் ஒதுக்கித் தந்து, ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்.