மட்ட வெள்ளியும் தராசு மனமும்

காஞ்சிபுரத்தில் பழம்பட்டுக்கு விலை சொல்பவர் சேலையின் கோர்வையையோ முந்தியையோ பார்ப்பதில்லை. ஜரிகையை உருக்கினால் எத்தனை கிராம் வெள்ளி தேறும் என்றே கணக்கிடுகிறார். அது அவர் தொழில். குறை சொல்ல ஒன்றுமில்லை. நாணயச் சேகரிப்பாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் அன்பர்களும் அதே தராசைத் தூக்கிக்கொண்டு திரிவதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆறாம் ஜார்ஜின் தலை பொறித்த ரூபாய்களை எடுத்துக்கொள்வோம். 1939 என்று பொறித்த ரூபாயில் வெள்ளி 91.7 விழுக்காடு. 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் பாதிதான் வெள்ளி. மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். எடை மட்டும் அதே 11.66 கிராம். முன்னதற்குக் கொட்டிக் கொடுக்கத் தயங்காதவர்கள் பின்னதை ‘மட்ட வெள்ளி’ என்று ஒதுக்குகிறார்கள். அது எப்படி மட்டமாயிற்று என்று அவர்கள் கேட்பதே இல்லை.

உலகப் போர் வெள்ளியை விழுங்கிய காலம் அது. வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்த 1943ஆம் ஆண்டையும் அந்தக் காசு தாங்கி நிற்கிறது. போர்க்காலத்தில் அமெரிக்கா இந்தியாவுக்குக் கடனாகத் தந்த வெள்ளி சுமார் 22.6 கோடி அவுன்ஸ். 1950களில் அதைத் திருப்பித் தரச் சுதந்திர இந்தியா இதே அரைவெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கிற்று. அந்த உலைக்குத் தப்பியவையே இன்று நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன.

‘கோடிக்கணக்கில் அடித்த காசுதானே, உருக்கினால் என்ன?’ என்பது வழக்கமான வாதம். காஞ்சித் தறிகளில் இறங்கிய சேலைகளும் கணக்கிலடங்காதவைதாம். உங்கள் பாட்டியின் கூறைப்புடவை இன்று எங்கே? ஏராளமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு வீட்டாரும் எடைக்குப் போட்டார்கள். அரியது என்று தெரிந்திருந்தால் யாரேனும் காப்பாற்றியிருப்பார்கள்.

வெள்ளியில் முதலீடு செய்ய விரும்புவோர் கட்டியாக வாங்கட்டும், அதில் தவறில்லை. அதற்குச் சேகரிப்பு என்று பெயர் சூட்ட வேண்டாம். காசு வைத்திருப்போர் அதைப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்க்காதிருந்தாலே பெரும் உதவி. ஆண்டையும் அக்கசாலைக் குறியையும், யார் வழியாக வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். 1947இல் வேறு நாடாகிவிட்ட லாகூரின் ‘எல்’ குறி அதில் இருக்கக்கூடும். தராசுக்கு அது எந்நாளும் தெரியப்போவதில்லை.