மூன்று குறில், மூன்று நெடில்
தி க்ளாஷ் இசைக்குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அரசியலில் தொடங்கி அரசியலிலேயே முடித்துவிடுகிறார்கள். ரசிகர்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். 1979 டிசம்பரில் வந்த ‘லண்டன் காலிங்’ இசைத்தொகுப்பின் தலைப்புப் பாட்டு எப்படி முடிகிறது என்று சொல்வார்கள். ஜோ ஸ்ட்ரம்மரின் குரல் ஓய்ந்துகொண்டிருக்கும்போது, மிக் ஜோன்ஸின் கிட்டார் விட்டுவிட்டு ஒலிக்கிறது: மூன்று குறில், மூன்று நெடில், மறுபடியும் மூன்று குறில். மோர்ஸ் சங்கேதத்தில் கப்பல்கள் அனுப்பிவந்த அபாய அழைப்பு அது. வெள்ளத்துக்கும் அணுவிபத்துக்கும் அஞ்சும் ஒரு நகரத்தின் பாட்டுக்கு இதைவிடச் சரியான முடிவு இருக்க முடியாது. சங்கேதம் தெரியாதவர்களுக்கும் அந்தப் பதற்றம் போய்ச் சேர்கிறது, தெரிந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது. இதே தொகுப்பில் பாஸ் கிட்டார் வாசிக்கும் பால் சிமனன் தானே எழுதிப் பாடிய ‘த கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’ இருக்கிறது. பழகாத அந்தக் குரலின் விறைப்புதான் பாட்டுக்கு உயிர். தேர்ந்த பாடகர் பாடியிருந்தால் கெட்டிருக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரட்டை இசைத்தட்டின் உறையில் அச்சானவை 18 பாடல்கள்தான். ‘ட்ரெய்ன் இன் வெய்ன்’ கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டதால் பட்டியலில் இடம்பெறவில்லை. தட்டு முடிந்ததென்று நினைத்தவர்களுக்குப் 19ஆவது பாட்டு தானாக வந்து கிடைத்தது. அமெரிக்காவில் முதல் 30 இடங்களுக்குள் நுழைந்த அவர்களுடைய முதல் பாட்டும் அதுதான்.