வெந்நீரும் விறகுக்கட்டும்

கோடை வெயிலிலே புழுங்கும் யாழ்ப்பாணத்தவருக்கும் மட்டக்களப்பவருக்கும் வெந்நீர்க் குளிப்பு என்பது காய்ச்சல் மாறிய பின் ஒரு நாள் நடைபெறும் காரியம். மலைநாட்டுக் குடும்பங்களின் நிலை வேறு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவிலே ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கிறது. மார்கழி முதல் மாசி வரையுள்ள சில காலை வேளைகளில் புல்லின் மேல் உறைபனியே படிந்து கிடக்கும். நாள் முழுதும் மழையில் நனைந்து கொழுந்து பறித்து வரும் தாய்க்கும், பிறந்து சில நாளேயான சிசுவுக்கும், மூட்டு வலியால் வருந்தும் முதியவருக்கும் அங்கே வெந்நீர் உணவைப் போன்ற ஒரு தேவையாகும்.

இத்தேவையை நிறைவேற்றுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுபவரும் அவரே; அதற்குரிய விறகைச் சுமந்து வருபவரும் அவரே; எரியும் வேளையில் புகையைச் சுவாசிப்பவரும் அவரே. வீட்டுக்குள் எரியும் அடுப்பின் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆகவே, குறைந்த எரிபொருளில் வெந்நீர் பெறும் வழிகளை ஆராய்வது சிக்கனத்துக்கு மட்டுமன்றிச் சுகத்துக்கும் ஏற்ற காரியமாம். அவ்வழிகளுட் சிலவற்றை இவ்வாரம் நாம் ஆராய்வோம்.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்க. ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை சூடேற்றுவதற்கு ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். மலைநாட்டுக் குழாய் நீரின் வெப்பநிலை 15 பாகை என்று கொள்வோம். குளிப்பதற்கு 40 பாகை போதும். ஒருவர் குளிக்க ஒரு வாளி நீர், அதாவது 15 லீற்றர், தேவையாயின் 15ஐ 25ஆற் பெருக்க 375 கிலோகலோரி வரும். ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு 1,875 கிலோகலோரி.

நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 3,700 கிலோகலோரி வெப்பம் அடங்கியுள்ளது. அப்படியானால் ஐவர் குளிக்க அரைக் கிலோ விறகே போதுமன்றோ? ஆனால் எந்தத் தாயாராவது அரைக் கிலோ விறகில் ஐந்து வாளி வெந்நீர் வைத்ததுண்டா? இல்லை. மூன்று கல் வைத்து மூட்டும் திறந்த அடுப்பில் எட்டில் ஒரு பங்கு வெப்பமே பாத்திரத்தைச் சேர்கிறது. எஞ்சிய ஏழு பங்கும் காற்றோடும் புகையோடும் கலந்து, சுவரையும் கூரையையும் சூடாக்கிப் போய்விடுகிறது. ஆகவே அரைக் கிலோ போதிய இடத்தில் நாலு கிலோ எரிகிறது. மாதமொன்றுக்கு இது 120 கிலோ. ஒரு தலைச்சுமை 20 கிலோ என்று கொண்டால், குளிப்பு நீருக்காக மட்டும் ஆறு சுமை விறகு! ஆறிலே ஐந்துக்கு மேற்பட்ட சுமைகள் வீணுக்கே சுமக்கப்படுகின்றன என்பதை எண்ணும்போது நமக்கு மனம் பொறுக்கவில்லை.

காசில்லாமற் செய்யக் கூடியவை

எதையும் விலைக்கு வாங்குமுன், கையிலுள்ளதைக் கொண்டு செய்யத் தக்கவை சில உள. அவற்றுள் முதலாவது, பாத்திரத்தை மூடி வைப்பது. திறந்த பாத்திரத்திலிருந்து எழும் ஆவி, நாம் கொடுத்த வெப்பத்தையே வாரிக் கொண்டு போகிறது.

இரண்டாவது, குளிக்கும் நீர் முழுவதையும் கொதிக்க வைத்துப் பின் ஆற விடும் வழக்கத்தைக் கைவிடுவது. நுவரெலியாவின் உயரத்திலே காற்றழுத்தம் குறைவு. ஆகையால் நீர் 100 பாகையை எட்டுமுன், ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்து விடுகிறது. ஒரு வாளி நீரை அந்நிலைக்குக் கொண்டு வந்து, பின் 40 பாகைக்கு ஆற விடுவோர், தேவையானதைப் போல மூன்று மடங்குக்கும் மேலான வெப்பத்தைச் செலவிடுகின்றனர். ஒரு பங்கு கொதிநீருடன் இரு பங்கு தண்ணீர் கலந்தால் 41 பாகையளவில் இதமான குளிநீர் கிடைக்கும். மூன்று வாளிக்கு ஒரு வாளி கொதிக்க வைத்தாற் போதுமானது.

இங்கே தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. குழந்தையைக் குளிப்பாட்டும் பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். அதன் பின்பே கொதிநீரைச் சேருங்கள். கலந்து, முழங்கையைத் தோய்த்துப் பார்த்த பின்னரே பிள்ளையை இறக்குங்கள். கொதிநீரை முதலில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பும் அந்த ஒரு கணத்திலே தவழும் குழந்தை கையை விட்டுவிடும்.

மூன்றாவது, விறகை உலர்த்துவது. கவ்வாத்துக் காலத்தில் கிடைக்கும் மிலாறானாலும், காட்டு விறகானாலும், ஈரம் இருக்குமட்டும் அடுப்பின் வெப்பத்திற் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே கழியும். புகையும் மிகும். மழைக்குமுன் சேர்த்து, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் அடுக்கி வைத்தல் நன்று.

அடுப்பைத் திருத்துதல்

அடுத்த படி அடுப்பு. இலங்கையில் 1980களில் உருவாக்கிப் பரப்பப்பட்ட ‘அனகி’ என்னும் மண் அடுப்பை நம் வாசகர் பலர் அறிந்திருப்பர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு மேன்மையானது, அரியது என்று பொருள். ஒரே தீயில் இரு பாத்திரங்கள் ஏறும்படி குயவர் வனையும் இவ்வடுப்பைச் சுற்றி மண் பூசி அமைத்தால், வெப்பம் பக்கங்களாற் கசியாது. முதற் குழியிலே சோறு வேகும்போது, இரண்டாம் குழியில் வைத்த பானை நீர் தனிவிறகு கேளாமலே சூடேறும். மூன்று கல் அடுப்பு தின்னும் விறகில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும் என்று கொண்டாலும், மாதத்தில் இரண்டு சுமை குறையும். எனினும் இதற்குப் புகைபோக்கி இல்லை. ஆதலால் யன்னலைத் திறந்து வைப்பதோ, கூரையருகே புகை வெளியேற வழி செய்வதோ அவசியம்.

கதிரவன் தரும் வெந்நீர்

விறகும் வேண்டாம், புகையும் இல்லை என்னும்படியான அடுப்பு ஒன்று நாள்தோறும் நம் கூரைக்கு மேலே எரிகிறது. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891 ஆம் ஆண்டில், கறுப்பு வர்ணம் பூசிய நீர்த்தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்துச் சூரிய நீர்சூடாக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பகலில் அது நன்கு பயன்பட்டது. இரவில் நீர் ஆறிப் போயிற்று. கலிபோர்ணியாவைச் சேர்ந்த வில்லியம் பெய்லி 1909 இல் அக்குறையை நீக்கினார். வெயில் ஏற்கும் பலகையைக் கீழேயும், வெப்பம் கசியாதபடி போர்த்த தொட்டியை மேலேயும் வைத்தார். சூடான நீர் இலேசாகித் தானே மேலேறும். குளிர்ந்த நீர் கனத்தாற் கீழிறங்கும். பம்பி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இன்றும் கூரைகளிற் காணப்படும் சூரிய நீர்சூடாக்கிகளிற் பெரும்பாலானவை இத்தத்துவத்தையே பின்பற்றுகின்றன.

கலிபோர்ணியாவில் மலிவான எரிவாயு வந்ததும் மக்கள் இதனை மறந்தனர். ஆனால், எண்ணெய் நெருக்கடி வந்தபோது சில நாடுகள் நினைவு கூர்ந்தன. பார்படோஸ் தீவு 1974 இல் சூரிய நீர்சூடாக்கித் தொழிலுக்கு வரிச் சலுகை அளித்தது. இன்று அங்கே வீட்டுக் கூரைகளில் அவை சாதாரணக் காட்சி. இஸ்ரேல் 1980 இல், புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் அவற்றை அமைக்க வேண்டுமெனச் சட்டமே இயற்றியது. சீனம் 2009 இல், கிராமத்தவர் வாங்கும் சூரிய நீர்சூடாக்கிகளுக்கு உதவிப் பணம் வழங்கத் தொடங்கியது. நமக்கும் நெருக்கடி நேராமலில்லை. 2022 ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றதையும், பங்குனி இறுதியில் மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நின்றதையும் எவர் மறப்பர்? அவ்வாண்டு ஆவணியில் லீற்றர் 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. அன்றும் சூரியன் ஒரு நாளேனும் விலையேறவில்லை.

மலைநாட்டில் மூடுபனி உண்டே, வெயில் எங்கே என்று கேட்பவர் உளர். கேள்வி நியாயமானதே. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குச் சரிவுகளிலே பல நாட்கள் வெயில் முகம் காட்டுவதில்லை. எனினும் நீரை 15 பாகையிலிருந்து 30 பாகைக்கு மாத்திரம் வெயில் கொண்டு வந்து விட்டாலும், வேண்டிய வெப்பத்தில் ஐந்தில் மூன்று பங்கு முடிந்து விடுகிறது. எஞ்சியதையே அடுப்புக் கொடுக்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் கெம்ப் செய்த எளிய வழியைப் பின்பற்றலாம். கறுப்பு வர்ணம் பூசிய பீப்பாய் ஒன்றை வெயில் படும் இடத்தில், காற்றடிக்காத பக்கமாக வைத்தால், மாலை மூன்று நான்கு மணியளவில் நீர் நன்கு சூடேறியிருக்கும். மலையிலிருந்து கொழுந்துக்கூடையுடன் உழைப்பாளி வீடு திரும்பும் வேளையும் ஏறத்தாழ அதுவே. குளிப்பைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றிக் கொள்ளும் குடும்பம் விறகிற் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க. பூச்சிமருந்தோ களைகொல்லியோ வந்த பீப்பாயை எவ்வளவு கழுவினும் பயன்படுத்தலாகாது. இருநூறு லீற்றர் நீர் இருநூறு கிலோ எடையுள்ளது. பழைய லயத்தின் தகரக்கூரை அதைத் தாங்காது. தரையிலே கல் அடுக்கி அதன்மேல் வைப்பதே தக்கது. குளிக்க வைத்த அந்நீரைக் குடிக்கவும் கூடாது.

மின்சாரம் உள்ள வீடுகள்

மின்சாரத்தில் வெந்நீர் பெறுவோர், ஓர் அலகு 860 கிலோகலோரிக்குச் சமம் என்பதை அறிக. ஐந்து வாளிக்கு இரண்டேகால் அலகு போதும். தொட்டியுள்ள சூடாக்கியை நாள் முழுதும் ஏற்றி வைத்தால், எவரும் குளிக்காத வேளையிலும் அது ஆறுவதும் சூடேறுவதுமாய் அலகுகளை விழுங்கும். குளிக்குமுன் ஏற்றிப் பின் அணைத்தல் சிக்கனம். காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சி நீருக்குக் கொடுக்கும் வெப்பப் பம்பி, ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தரும். குளிர்ந்த இடங்களில் அது சற்றுக் குறையும். விலை மிகுதியாதலால் விடுதிகளுக்கும் பெரிய இல்லங்களுக்குமே அது இப்போது பொருந்தும்.

ஊர் கூடிச் செய்க

வீடும் நிலமும் தோட்டத்துக்கே உரியனவாயிருக்கும் குடும்பங்கள் இன்னும் பல. தமதல்லாத கூரையில் தமது சேமிப்பைப் போட எவருக்குத் துணிவு வரும்? ஆதலால் தனித்தனியே முயல்வதிலும் கூட்டாக முயல்வதே மேல். நகைக்கும் பாத்திரத்துக்கும் சீட்டுப் பிடிக்கும் நம் பெண்கள், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து நல்ல அடுப்புக்கென ஒரு சீட்டுத் தொடங்கலாகாதா? மாதம் ஒரு வீட்டில் அடுப்பு மாறினால், வருடம் முடியுமுன் ஒரு லயமே மாறிவிடும். பிள்ளைமடுவத்துக்கோ வைத்தியசாலைக்கோ ஒரு சூரிய நீர்சூடாக்கியைத் தோட்ட நிருவாகத்திடம் கேட்டுப் பெறுவது தொழிற்சங்கங்களுக்கும் தகுந்த வேலையே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஏழு நாளும் உங்கள் வீட்டில் வெந்நீருக்கு எரியும் விறகை நிறுத்துக் குறித்து வையுங்கள். பின்பு பாத்திரத்தை மூடியும், நீரைக் கலந்தும், விறகை உலர்த்தியும் மற்றோர் ஏழு நாள் நிறுத்துப் பாருங்கள். இரு கணக்குகளுக்குமிடையே உள்ள வித்தியாசம், உங்கள் அன்னையின் தலையிலிருந்து நீங்கள் இறக்கி வைத்த பாரம் என்று அறிக.