மாதாமாதம் வரும் மார்பக வலி: ஊசி வைத்தியம் தீர்க்குமா?

மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு பல பெண்களுக்கு மார்பகத்தில் வலி எடுக்கிறது. மார்பகம் கனக்கிறது. தொட்டால் நோகிறது. ஓடி வரும் குழந்தையை அணைக்கக்கூட முடிவதில்லை. மாதவிலக்கு வந்ததும் வலி தானாகக் குறைந்து விடுகிறது. அடுத்த மாதம் மறுபடியும் வருகிறது.

இதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. சொல்ல வெட்கம். "புற்றுநோயாக இருக்குமோ?" என்ற பயம் வேறு.

இந்த வலிக்கு "அக்குபஞ்சர்" என்னும் சீன ஊசி வைத்தியம் நல்லது என்று சொல்லப்படுகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை?

வலி ஏன் வருகிறது?

ஒவ்வொரு மாதமும் பெண்ணின் உடலில் ஹார்மோன் என்னும் சுரப்பு நீர்கள் ஏறி இறங்குகின்றன. மாதவிலக்கு நெருங்கும்போது மார்பகம் சற்று வீங்கிக் கனக்கிறது. அதனால் வலி. மூன்று பெண்களில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது மார்பக வலி வருகிறது.

மாதவிலக்கை ஒட்டி இரண்டு பக்கமும் வந்து போகும் வலி, புற்றுநோயின் அடையாளம் ஆவது மிக அபூர்வம். புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

சீனாவில் பிறந்த வைத்தியம்

ஊசி வைத்தியம் சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளாகச் சீனாவில் இருந்து வருகிறது. உடலில் உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள் உண்டு. அவை அடைபட்டால் வலி வரும். குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய ஊசியைச் செருகினால் அடைப்பு நீங்கும் என்பது சீன வைத்தியர்களின் கொள்கை. இக்காலத்து டாக்டர்கள் வேறு விதமாக விளக்குகிறார்கள். ஊசி நரம்புகளைத் தூண்டுகிறது. அப்போது உடலே வலியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்கிறார்கள்.

1971-ம் ஆண்டு ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் சீனாவுக்குப் போனார். பீகிங் நகரில் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு வந்த வயிற்று வேதனையை ஊசி போட்டுத் தணித்தார்கள். அதை அவர் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் எழுதினார். அமெரிக்கா முழுவதும் இதே பேச்சாயிற்று.

பெயர் யாருக்கு?

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஒரு பெண், வலி மிகவும் கடுமையாக இருக்கும் நாளில் ஊசி வைத்தியரிடம் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் நாள் வலி இல்லை. ஊசி குணமாக்கியதா? அல்லது மாதவிலக்கு வந்ததால் வலி தானாகப் போயிற்றா? அன்று அவள் கஷாயம் குடித்திருந்தால் கஷாயத்துக்குப் பெயர் கிடைத்திருக்கும்!

இப்படித்தான் "ஈவினிங் பிரிம்ரோஸ்" என்ற பூச்செடியின் விதை எண்ணெய் பெயர் வாங்கியது. இதே வலிக்காகப் பிரிட்டனில் டாக்டர்களே அதை எழுதிக் கொடுத்தார்கள். பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2002-ம் ஆண்டில் அதன் மருந்து லைசென்சு ரத்தாயிற்று.

பொய் ஊசிச் சோதனை

அப்படியானால் உண்மையை எப்படி அறிவது? அதற்கு ஒரு வழி உண்டு. சிலருக்கு முறைப்படி ஊசி போடுவார்கள். வேறு சிலருக்கு, வைத்தியத்தில் சொல்லாத இடங்களில் லேசாகக் குத்துவார்கள். எது எந்த ஊசி என்று நோயாளிக்குத் தெரியாது.

ஜெர்மனியில் முதுகு வலிக்காரர்கள் 1,162 பேரிடம் இப்படிச் சோதனை நடந்தது. 2007-ல் முடிவு வெளியாயிற்று. முறையான ஊசியால் 100-க்கு 48 பேர் குணம் கண்டனர். பொய் ஊசியால் 44 பேர். வழக்கமான சிகிச்சையால் 27 பேர். ஊசி உதவியது. ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன்தான்!

மாதவிலக்குக்கு முன் பெண்கள் படும் தொல்லைகளுக்கு இந்த வைத்தியம் எப்படி? மார்பக வலியும் இத்தொல்லைகளில் ஒன்று. வைத்தியச் சோதனைகளை அலசிப் பார்க்கும் "காக்ரேன்" என்ற உலக அமைப்பு 2018-ல் இதை ஆராய்ந்தது. 5 சோதனைகள்தான் கிடைத்தன. பெண்கள் மொத்தம் 277 பேர். ஊசியாலும், ஊசி இல்லாமல் விரலால் அழுத்தும் முறையாலும் தொல்லை குறையலாம் என்று தெரிந்தது. ஆனால் ஆதாரம் பலமானது அல்ல என்றும் அது சொல்லி விட்டது.

முதலில் செய்ய வேண்டியது

காலண்டரில் வலி வரும் நாள்களையும் மாதவிலக்கு நாள்களையும் இரண்டு மூன்று மாதம் குறித்து வர வேண்டும். இரண்டும் ஒட்டி வந்தால் பயம் பாதி நீங்கும். அளவான, நன்றாகத் தாங்கும் உள்பாடி அணிந்தாலே பலருக்கு வலி குறைகிறது. டாக்டரைக் கேட்டு வலி நீக்கும் களிம்பு தடவலாம். கடுமையான வலிக்கு மாத்திரைகளும் உண்டு. ஆனால் அவற்றால் வேறு தொல்லைகள் வரக்கூடும்.

கையில் கட்டி தட்டுப்பட்டாலும், ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலும், காம்பில் ரத்தம் கசிந்தாலும், தோல் குழி விழுந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி வைத்தியம் கட்டியைக் கண்டுபிடிக்காது, கரைக்கவும் செய்யாது.

டாக்டர் பார்த்துப் பயமில்லை என்று சொன்ன பிறகு ஊசி வைத்தியம் செய்து பார்ப்பதில் தவறில்லை. தேர்ந்தவரிடம் மட்டுமே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஊசி போட வேண்டும். மார்புக்குள் நுரையீரல் இருக்கிறது. ஆழமாகக் குத்தினால் அதில் ஓட்டை விழலாம். அபூர்வம்தான், ஆனாலும் ஆபத்து.

தாய்மார்கள் இதைத் தங்கள் பெண்களிடம் மறைக்காமல் சொல்லி வைக்க வேண்டும். எந்த வலி வந்து போகும், எந்த அடையாளம் கண்டால் ஓட வேண்டும் என்று தெரிந்த பெண், வெட்கத்தால் நாளைக் கடத்த மாட்டாள்.